எலுமிச்சைத் துளிரில் வெள்ளிக் கோடு: என்ன பூச்சி, என்ன செய்யலாம்?

மொட்டைமாடி_வேளச்சேரி
18 அங்குலப் பையில் ஒட்டு எலுமிச்சை, இரண்டு வயசுச் செடி. வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்ததும் தளதளவென்று துளிர் விட்டது. இப்போது அந்தத் துளிர் முழுக்க வளைந்து நெளிந்து வெள்ளிக் கோடு. ஓரம் மடிந்து, இலை திருகிக் கிடக்கிறது. பழைய இலைகளில் ஒன்றுமில்லை. வேப்பெண்ணெய் அடித்தும் கோடு போகவில்லை. பக்கத்துப் பையில் தக்காளி, அவரை இலைகளிலும் வெள்ளைக் கோடு தெரிகிறது. ரெண்டும் ஒரே பூச்சியா? என்ன மருந்து வாங்குவது?

பூச்சிக்கண்ணாடி
ஒரே பூச்சி இல்லை. எலுமிச்சையில் இருப்பது ஒரு குட்டி அந்துப்பூச்சியின் புழு. ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்று பெயர், வேளாண் கையேடுகளில் இலைத் துளைப்பான் என்று இருக்கும். தக்காளியிலும் அவரையிலும் வருவது பெரும்பாலும் லிரியோமைசா என்ற ஈயின் புழு. எந்த மருந்து, எப்போது அடிப்பது எல்லாமே இதைப் பொறுத்து மாறும் என்பதால் முதலில் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கோடு விழுந்த இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். 10 மடங்கு லென்ஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்க்கலாம். எலுமிச்சைக் கோட்டின் நடுவே அறுபடாமல் ஒரு கருத்த இழை ஓடும். அது புழுவின் எச்சம். தக்காளியில் எச்சம் துண்டு துண்டாக, கோட்டின் இரண்டு ஓரங்களிலும் மாறி மாறி விழுந்திருக்கும். ஈப்புழு ஒருக்களித்துப் படுத்துத் தின்று, அவ்வப்போது புரண்டு பக்கம் மாறுவதால் அப்படி.

கோடு மெல்லிதாக ஆரம்பித்து அகலமாகிக்கொண்டே போகும். அகலமாக முடிகிற இடத்தில்தான் புழு இருக்கும். எலுமிச்சைப் புழு மஞ்சள் கலந்த பச்சை நிறம், 3 மி.மீ. நீளம், தட்டையான தலை. ஈப்புழுவுக்குத் தலை என்று தனியாக ஒன்று தெரியாது, வாயில் கருப்புக் கொக்கி மட்டும் தெரியும்.

கூடு கட்டுவதிலும் இரண்டும் வேறு. ஈப்புழு இலையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, பெரும்பாலும் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். எலுமிச்சைப் புழு இலையை விட்டு இறங்காது. ஓரத்துக்கு வந்து, பட்டு நூல் இழுத்து, இலை விளிம்பை மடித்து அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகிவிடும். உங்கள் இலை ஓரம் மடிந்திருப்பது அதனால்தான். குண்டூசியால் மடிப்பை நீக்கிப் பாருங்கள், பழுப்பும் மஞ்சளுமாக ஒன்று கிடக்கும். காலிக்கூடாக இருந்தால் அந்துப்பூச்சி பறந்துவிட்டது என்று பொருள்.

கொளத்தூர்_தோட்டம்
இவ்வளவு ஆராய்ச்சி எதுக்கு சார்? இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்எல், லிட்டருக்கு அரை மில்லி. கதை முடிஞ்சது. வேப்பெண்ணெய் எல்லாம் நம்ம மனத்திருப்திக்கு.

பூச்சிக்கண்ணாடி
அது ஊடுருவிப் பாயும் மருந்து, இலைக்குள் இருக்கும் புழுவைக் கொல்லும், மறுக்கவில்லை. ஆனால் மொட்டைமாடி எலுமிச்சைக்கு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால்:

எலுமிச்சையில் துளிரும் பூவும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். துளிருக்கு அடிக்கிற மருந்து பூவிலும் படும், தேனீக்கு இது கடும் விஷம். காய் பறித்துச் சாறு பிழிகிற செடி என்பதையும் மறக்க வேண்டாம். அடித்த அன்று இருந்த இலைகளில்தான் மருந்து இருக்கும். அடுத்த வாரம் புதிதாக விரிகிற இலைக்கு அது போதுமான அளவில் போய்ச் சேராது, அந்துப்பூச்சிக்குத் தேவையோ அந்தப் புது இலைதான். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் புழுவைத் தேடித் தின்னும் ஒட்டுண்ணிக் குளவிகளும் இதே மருந்தில் செத்துப்போகும்.

ரங்கூன்மல்லி
கொளத்தூர் சார் சொல்ற மருந்து எனக்கும் வேணாம். ஆனா ஒரு சந்தேகம். வேப்பெண்ணெய் அடிச்சும் கோடு போகலைன்னு வேளச்சேரிக்காரர் சொல்றாரே, அப்போ வேப்பெண்ணெய் வேலை செய்யலைன்னுதானே அர்த்தம்?

வேம்பு_மட்டும்
கோடு போகாது மேடம். எந்த மருந்து அடித்தாலும் போகாது. அது இலையில் விழுந்த தழும்பு. உள்ளே புழு செத்தாலும் இலை முற்றி உதிரும்வரை அப்படியேதான் இருக்கும். "அடித்தேன், கோடு இருக்கிறது, மறுபடி அடித்தேன்" என்று அளவைக் கூட்டிக்கொண்டே போய் கடைசியில் துளிரைக் கருக்கிவிடுகிறார்கள். மருந்து வேலை செய்ததா என்று பார்க்க வேண்டிய இடம், அடித்த பிறகு விரிந்த இலை. அதில் கோடு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது காரணம் நேரம். தாய்ப்பூச்சி முட்டையிடுவது பிஞ்சு இலையில் மட்டும், பெரும்பாலும் அடிப்பக்கம், நடு நரம்பை ஒட்டி, ஒவ்வொன்றாக. முட்டை ஒட்டிக்கிடக்கும் நீர்த்துளி மாதிரிதான் தெரியும், கண் பழகாதவர்களுக்குக் கிடைக்காது. பொரிந்ததும் புழு நேராக மேல்தோலுக்கு அடியில் இறங்கிவிடும், வெளியே நடமாடுகிற கட்டமே கிடையாது. மேலே தெளிக்கிற எண்ணெய் அதைத் தொடாது. வேம்பின் முக்கிய வேலை, பூச்சியை அந்த இலையில் உட்காரவிடாமல், முட்டையிடவிடாமல் செய்வது. ஆக, கோடு தெரிவதற்கு முன்பே அடிக்க வேண்டும்.

துளிர் இலை கட்டைவிரல் நகம் அளவு இருக்கும்போது முதல் தெளிப்பு. பிறகு 5 முதல் 7 நாளுக்கு ஒரு முறை, இலை கரும்பச்சையாகி விறைப்பாகும்வரை. இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்கு மேல் அடிப்பது வீண், முற்றின இலையை இந்தப் பூச்சி சீண்டாது. மழை பெய்து கழுவிவிட்டால் மறுநாள் மாலை திரும்ப அடிக்கணும். நவம்பரில் சென்னையில் இதுதான் பெரிய தலைவலி.

மொட்டைமாடி_வேளச்சேரி
நன்றி சார். எண்ணெய் அளவு? நான் 10 மில்லி போட்டேன், சில துளிர் நுனி கருகிவிட்டது.

வேம்பு_மட்டும்
துளிருக்கு 10 மில்லி அதிகம். லிட்டருக்கு 3 முதல் 5 மில்லி. கருகியதற்கு அளவு மட்டும் காரணமாக இருக்காது, கலக்கிய விதமும் இருக்கலாம்.

எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றிவிட்டுச் சோப்பு போடுவது தப்பான வரிசை. 5 மில்லி எண்ணெயோடு 1 அல்லது 2 மில்லி திரவச் சோப்பை முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் குழைக்கணும். வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கினால் வெள்ளையாகத் திரளும். அதற்குப் பிறகு லிட்டராக்கலாம். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் கலவை சரியில்லை. மிதக்கும் எண்ணெய் தெளிப்பானில் கடைசிவரை தங்கி, கடைசியாக அடிக்கிற கிளையில் வெறும் எண்ணெயாக விழும். அந்தக் கிளைதான் கருகும். கலக்கியதை அன்றே தீர்க்கணும், நடுவில் இரண்டு மூன்று முறை குலுக்கணும்.

சாயங்காலம் வெயில் சாய்ந்த பிறகு அடியுங்கள். வேம்பில் பூச்சியை விரட்டுகிற அசாடிராக்டின் என்ற பொருள் வெயிலில் சீக்கிரம் சிதையும், எண்ணெய் பூசிய துளிர் உச்சி வெயிலைத் தாங்காது. அக்னி நட்சத்திர வெயிலில் எண்ணெய்த் தெளிப்பையே தவிர்த்துவிடலாம். எப்போதும் முதலில் ஒரு கிளையில் மட்டும் அடித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதுக்கு.

என் கணக்கில் எண்ணெயைவிட வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் துளிருக்குச் சாது. தோல் நீக்கிய பருப்பு 50 கிராம், ஒன்றிரண்டாக இடித்து, துணியில் முடிந்து அரை லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிடணும். காலையில் நன்றாகப் பிசைந்து பிழிந்து, மெல்லிய துணியில் வடிகட்டி, லிட்டராக்கி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு. சரியாக வடிகட்டாவிட்டால் நாசில் அடைக்கும். கொட்டை பொறுக்கிக் காயவைத்து மூன்று மாதமாவது ஆகியிருக்கணும், எட்டு மாதத்தைத் தாண்டினால் வீரியம் போய்விடும். பூஞ்சணம் பிடித்துக் கருத்த கொட்டை ஆகாது.

நாசிலை மேல்நோக்கித் திருப்பி இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்கணும். மேலே மட்டும் அடிப்பவர்கள்தான் அதிகம்.

ரங்கூன்மல்லி
இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல்? மஞ்சள் ஒட்டுப்பொறி?

பூச்சிக்கண்ணாடி
கரைசல் புழுவைத் தொடாது, காரணம் மேலே வந்துவிட்டது. அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் பாருங்கள். மஞ்சள் அட்டை தக்காளி ஈக்கு உதவும், எலுமிச்சை அந்துக்கு உதவாது. இது அந்தியிலும் விடியலிலும் பறக்கிற பூச்சி. இறக்கை விரித்தால் 4 மி.மீ. இருக்கும், வெள்ளி வெள்ளை, முன் இறக்கை நுனியில் ஒரு கருப்புப் புள்ளி. ஆண் பூச்சிகளை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி உண்டு. ஆனால் அது பூச்சி வருகிறதா என்று தோட்டக்காரர் தெரிந்துகொள்ளத்தான், ஒழிக்க இல்லை.

கொளத்தூர்_தோட்டம்
சரி, ஒத்துக்கறேன். அப்போ இருக்கிற கோணல் இலையையெல்லாம் வெட்டிப் போட்டுட்டு, புதுசா துளிர் விட வெச்சு, அதை மட்டும் காப்பாத்தினா போதுமே?

ஊற்று_தாம்பரம்
அதைத்தான் செய்யக் கூடாது சார். எலுமிச்சையை வெட்டினால் வெட்டின இடத்திலிருந்து கொத்தாகத் துளிர் வரும். கூட்டிலிருந்து வெளிவரும் பூச்சிக்கு அது பந்தி. அதுவும் ஆளுக்கொரு கிளையாக, வாரத்துக்கு ஒன்றாகக் கிள்ளிக்கொண்டே இருந்தால் செடியில் வருஷம் முழுக்கப் பிஞ்சு இலை இருக்கும், பூச்சிக்குச் சாப்பாட்டுப் பஞ்சமே வராது. சென்னை வெப்பத்தில் முட்டையிலிருந்து பூச்சியாக இரண்டு மூன்று வாரம் போதும்.

கோடு விழுந்த இலை செத்த இலை இல்லை. புழு குடிப்பது மேல்தோல் செல்களின் சாற்றை. தோலுக்கு அடியில் காற்றுப் புகுந்துகொள்வதால்தான் வெள்ளியாய் மின்னுகிறது. கீழே இருக்கிற பச்சைத் திசு பெரும்பாலும் அப்படியே இருக்கும், இலை சமையல் வேலையைத் தொடரும். அழகுக்காக அதை வெட்டினால் நஷ்டம் செடிக்குத்தான்.

வெட்ட வேண்டியது வேறு: நீர்ப்போத்துகள். தண்டிலிருந்து நேர்க்குத்தாக, முக்கோணத் தண்டும் பெரிய இலையுமாக வேகமாக எழும்புபவை. ஓயாமல் துளிர் விட்டுப் பூச்சியை வளர்ப்பவை அவைதான். ஒட்டுக்கு அடியிலிருந்து வருவதையும் விடாதீர்கள், அது வேர்ச்செடி. கவாத்து ஒரு தடவையில், காய்ப்பு முடிந்ததும், மொத்தமாகச் செய்யுங்கள்.

உரமும் இதே கதை. கடலைப் பிண்ணாக்குக் கரைசல், யூரியா, பஞ்சகவ்யம் என்று தழைச்சத்தை வாராவாரம் கொடுத்தால் துளிர் நிற்காமல் வரும். துளிர் அலை அலையாக, ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் முற்ற வேண்டும். மாதம் ஒரு முறை மண்புழு உரமும் பிண்ணாக்கும் கலந்து போட்டு, துளிர் விட்டு முற்றும்வரை திரவ உரத்தை நிறுத்திவையுங்கள்.

மொட்டைமாடி_வேளச்சேரி
அப்போ ஒன்றுமே செய்யாமல் விட்டாலும் செடி பிழைக்குமா?

ஊற்று_தாம்பரம்
தரையில் நிற்கிற, நாலு வயதைத் தாண்டிய மரம் என்றால் பிழைக்கும். மருந்தே வேண்டாம். வருடத்தில் சில துளிர் அலைகள் கோணலாகும், காய்ப்பில் பெரிய வித்தியாசம் தெரியாது. சின்னச் செடியில்தான் கவலைப்படணும், ஏனென்றால் மொத்த இலையில் பாதி துளிராகவே இருக்கும். உங்களுடையது இரண்டு வயது, அதுவும் பையில். கொஞ்சம் கவனிக்க வேண்டியதுதான்.

ஒரு செடி, இரண்டு செடி என்றால் கைவைத்தியம்தான் சிறந்தது. காலையில் தண்ணீர் விடும்போது கோட்டின் அகலமான முனையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாக நசுக்குங்கள். இலையைப் பறிக்க வேண்டாம். ஓரம் மடிந்ததையும் அப்படியே ஒரு அழுத்து. துளிர் இருக்கிற வாரங்களில் மட்டும் தினமும் பார்த்தால் போதும்.

பூச்சிக்கண்ணாடி
நசுக்கும் முன் ஒரு சின்ன நிதானம். கோட்டின் முனையில் மஞ்சள் புழுவுக்குப் பதில் கருத்த சின்னக் கூட்டுப்புழு கிடந்தால் அது குளவியுடையது, விட்டுவிடுங்கள். எலுமிச்சை அந்து நம் ஊர்ப் பூச்சி, 1856-ல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் இதை விவரித்ததே கல்கத்தா மாதிரியை வைத்துத்தான். அதனால் இதன் எதிரிகளும் இங்கேயே உண்டு. ஃப்ளோரிடாவில் 1993-ல் நுழைந்தபோது வேகமாகப் பரவி நாற்றங்கால்களைச் சூறையாடியது. அடுத்த வருடமே அஜெனியாஸ்பிஸ் சிட்ரிகோலா என்ற குளவியைக் கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. அது போடும் ஒரு முட்டையே பிரிந்து பல குளவிகளாகும். நாம் மருந்தடித்து நம்முடைய குளவிகளைக் கொன்றுவிட்டுப் பூச்சி அதிகமாகிவிட்டது என்று புலம்பினால் எப்படி?

கோடுவாசகன்
நுழைவதற்கு மன்னிக்கவும். இலைக்குள் வாழும் அந்துகள் என்றால் ஐரோப்பியர்கள் ஓக் மரத்தைத்தான் முதலில் காட்டுவார்கள். ஸ்டிக்மெல்லா இனத்தின் பல வகைகள் அதில் உண்டு. இவை நெப்டிகுலிடே குடும்பம், உலகின் மிகச் சிறிய அந்துகள் இந்தக் குடும்பத்தில்தான். ஓக் இலையில் இப்படிக் கோடு போட்டு, வளர்ந்ததும் இலையை விட்டு வெளியேறி, கீழே சருகிலும் மண்ணிலும் பட்டுக்கூடு கட்டும். எலுமிச்சைப் புழுவுக்கு நேர்மாறு. ஸ்டிக்மெல்லா ரூஃபிகாப்பிடெல்லா என்ற வகையும் அதன் நெருங்கிய உறவுகளும் போடும் கோடுகள் ஏறக்குறைய ஒன்றே. அந்தை வளர்த்தெடுத்து இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால்தான் பல சமயம் பெயர் உறுதியாகும்.

அதே ஓக்கில் டிஷேரியா எகெபிளாடெல்லா வேறு மாதிரி. கோடு கிடையாது, மேல்பக்கம் வெண்மையான திட்டு. உள்ளே எச்சமும் இருக்காது, வெளியே தள்ளிவிடும். திட்டுக்குள் பட்டு மெழுகிய வட்ட அறையில் பதுங்கும். உதிர்ந்த இலைக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழிக்கும். நமக்குக் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் எலுமிச்சை அந்துக்கு அந்த ஓய்வும் இல்லை.

எக்டோடீமியா சப்பிமாகுலெல்லா என்னை எப்போதும் வியக்க வைக்கும். இலையுதிர் காலத்தில் ஓக் இலை மஞ்சளாகி விழும்போது, புழு இருக்கிற திட்டு மட்டும் பச்சையாகவே இருக்கும். மரம் கைவிட்ட இலையில் தனக்கு வேண்டிய துண்டைப் புழு உயிரோடு பிடித்து வைத்துக்கொள்கிறது.

ரங்கூன்மல்லி
ஊட்டி தேயிலைத் தோட்டத்துல நிக்கிற சில்வர் ஓக்கிலும் இது வருமா?

கோடுவாசகன்
வராது. அது ஆஸ்திரேலிய மரம், குடும்பமே வேறு. ஓக் அந்துகள் ஓக்கையும் அதன் நெருங்கிய சொந்தங்களையும் விட்டு நகராது. அதேபோல எலுமிச்சை அந்துவும் நாரத்தை, சாத்துக்குடி, வில்வம் என்று தன் குடும்பத்துக்குள்ளேயே சுற்றும், தக்காளிக்குத் தாவாது. சென்னைத் தெருவில் இலைத்துளைப்பான் பார்க்க ஆசைப்பட்டால் புங்க மரம் போதும். இலையில் வெளுத்து உப்பிய திட்டு இருந்தால் உள்ளே அந்துப்புழு. விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் முடிச்சு வேறு, அது சிலந்திப்பேன் வேலை.

நாற்றுப்பண்ணை_படப்பை
நாற்றுகளுக்கு வலை போடுவது பற்றி யாரும் சொல்லவில்லை. நிழல்வலை எதையும் தடுக்காது, கொசுவலைக் கண்ணும் இந்தப் பூச்சிக்குப் பெரிது. 40 அல்லது 50 மெஷ் (அங்குலத்துக்கு அத்தனை கண்) பூச்சிவலை வேண்டும், அடிப்பக்கம் மண்ணில் புதைத்து. உள்ளே ஏற்கெனவே கோடு விழுந்த நாற்று ஒன்று இருந்தாலும் வலை பூச்சிப்பண்ணையாகிவிடும். வலைக்குள் புழுக்கம் ஏறுவதால் மே மாதத்தில் நாற்றை நெருக்கி அடுக்கக் கூடாது.

சொறிநோயைப் (கேங்கர்) பற்றியும் சொல்லணும். எலுமிச்சையில் இலைத்துளைப்பானின் உண்மையான கெடுதல் கோடு இல்லை, அந்தக் கிழிசல் வழியே நுழைகிற கேங்கர் பாக்டீரியா. கோட்டை ஒட்டியே மஞ்சள் வளையத்தோடு சொரசொரப்பான பழுப்புப் புள்ளிகள் வரிசையாக எழுந்தால் அதுதான். காற்றோடு அடிக்கிற மழையில் பரவும். அந்த மாதிரி இலையை மட்டும் பறித்து அப்புறப்படுத்தலாம், அதுவும் செடி ஈரமாக இல்லாதபோது. கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். காப்பர் ஆக்ஸிகுளோரைடு 50 சதவீதத் தூள் லிட்டருக்கு 2.5 முதல் 3 கிராம்.

மொட்டைமாடி_வேளச்சேரி
பார்த்தேன், ரெண்டு இலையில் அந்த மஞ்சள் வளையம் இருக்கிறது. காப்பரையும் வேப்பெண்ணெயையும் ஒன்றாகக் கலந்து அடிக்கலாமா?

நாற்றுப்பண்ணை_படப்பை
கலக்காதீர்கள், துளிர் கருகும். முதலில் அந்த ரெண்டு இலையைப் பறித்துக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். மழை விட்ட ஒரு மாலையில் காப்பர். ஒரு வாரம் இடைவெளி. அதற்குள் புதுத் துளிர் வந்தால் கொட்டைச் சாறு, வராவிட்டால் எதுவும் வேண்டாம். தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் பையில் மட்டும் ஊற்றுங்கள்.